பையில் ஓர் ஓட்டை

நவம்பர் மாதக் காலை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. டோலிகஞ்சில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் புல்வெளியில், நண்பர் ஒருவரின் விருந்தாளியாக நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு குளம். வங்காளிகள் ‘புகுர்’ என்பார்கள். குளத்துக்கு அப்பால் கிரீன், அதன் நடுவே கொடி. தூரம் 90 கஜம்.

90 கஜம் என்பது பெரிய தூரமில்லை. ஆனால் என் பையில் 90 கஜத்துக்கான மட்டை இல்லை. பிட்ச்சிங் வெட்ஜால் முழுதாக அடித்தால் பந்து 105 கஜம் போகும். சேண்ட் வெட்ஜால் அடித்தால் 75. முதலில் பிட்ச்சிங் வெட்ஜை எடுத்து, ‘மெதுவாக’ அடித்தேன். பாதி வழியில் கை தயங்கியது. பந்து குளத்தில். ஓர் அடி அபராதத்தோடு இன்னொரு பந்தைப் போட்டு, இம்முறை சேண்ட் வெட்ஜை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். அதுவும் குளத்தில்.

பையைச் சுமந்து வந்த கேடி நாற்பது வருடங்களாக இதே தொழிலில் இருப்பவர். சிரிக்கவில்லை. பைக்குள் எட்டிப்பார்த்தார். பிறகு இந்தியும் வங்காளமும் கலந்து சொன்னார்: “கையில தப்பு இல்ல சாப். பையிலதான் ஓட்டை.”

என் ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

கோல்ஃப் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் கோல்ஃப் மட்டுமல்ல. கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்குவதா, நம் தேவையை நாமே அளந்து பார்த்து வாங்குவதா என்ற பழைய கேள்விதான் இது. ஒரு நல்ல வெட்ஜின் விலை, நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவைத் தொட்டுவிடும் இந்நாளில், கேள்விக்குக் கொஞ்சம் கனமும் உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கோல்ஃப் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-லும் பிரிட்டனில் அடுத்த ஆண்டும் வந்த விதி இது. தூரமாக அடிக்க ஒரு ரகம், நடுத்தர தூரத்துக்கு ஒரு ரகம், உருட்ட ஒன்று. கிரீனுக்கு அருகே, பந்தை உயரத் தூக்கிப் பூவைப் போல இறக்குவதற்காக இருப்பவை வெட்ஜுகள். மட்டையின் முகம் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதை டிகிரியில் சொல்வார்கள். அதுதான் ‘லாஃப்ட்’. சாய்வு கூடினால் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும்.

வெட்ஜுகள் நான்கு வகை. பிட்ச்சிங் வெட்ஜ், செட்டோடு வருவது. கேப் வெட்ஜ், ஏறத்தாழ 50 முதல் 52 டிகிரி. சேண்ட் வெட்ஜ், 54 முதல் 56. லாப் வெட்ஜ், 58 முதல் 60. என் போன்ற சுமாரான ஆட்டக்காரருக்கு ஒரு டிகிரி கூடினால் இரண்டரை முதல் மூன்று கஜம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த வெட்ஜுகளுக்கு இடையே 4 முதல் 6 டிகிரி இருந்தால், பத்துப் பதினைந்து கஜத்துக்கு ஒரு மட்டை என்று படிக்கட்டு ஒழுங்காக அமையும்.

என் பையில் என்ன இருந்தது? பிட்ச்சிங் வெட்ஜ் 45 டிகிரி. சேண்ட் வெட்ஜ் 56. கூடவே, தொலைக்காட்சியில் வரும் நட்சத்திரங்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று கடைக்காரர் தலையில் கட்டிய 60 டிகிரி லாப் வெட்ஜ். அதாவது முதல் இரண்டுக்கும் நடுவே 11 டிகிரிப் பள்ளம். அடுத்த இரண்டுக்கும் நடுவே 4 டிகிரி. தேவையான இடத்தில் படிக்கட்டு இல்லை. தேவையில்லாத இடத்தில் பளபளவென்று ஒரு படி.

நம் ஊர்ப் பழைய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று அளவைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு. அதில் உரி தொலைந்துவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? படியில் பாதி என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். கை பழகியவர் செய்துவிடுவார். புதிதாக வந்த பையன் செய்தால் ஒன்று கடைக்கு நஷ்டம் அல்லது வாடிக்கையாளரோடு சண்டை. கோல்ஃபில் நம்மில் பெரும்பாலோர் அந்தப் பையன்தான்.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமான கதை. 1970-களில் பிட்ச்சிங் வெட்ஜின் சாய்வு 50 டிகிரியை ஒட்டி இருந்தது. சேண்ட் வெட்ஜ் 55, 56. இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு டிகிரிதான். ஆகவே ‘கேப்’ வெட்ஜ் என்ற ஒன்றை யாரும் தேடவில்லை. கேப்பே இல்லையே!

பிறகு மட்டைத் தயாரிப்பாளர்களுக்கு ஓர் உண்மை புரிந்தது. வாங்குகிறவருக்குத் தன் 7-ஆம் நம்பர் மட்டை பக்கத்து ஆளின் 7-ஆம் நம்பரைவிடத் தூரம் போக வேண்டும். அவ்வளவுதான். எனவே சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். நியாயமாகச் சொன்னால் இதில் பொறியியலும் உண்டு. மட்டைத் தலையின் எடையைக் கீழே கொண்டுபோனதால், சாய்வு குறைந்தாலும் பந்து போதிய உயரம் எழுகிறது. ஆனால் விளைவு என்ன? பிட்ச்சிங் வெட்ஜ் 48 ஆயிற்று, 46 ஆயிற்று, இன்று பல செட்டுகளில் 45, 44. சிலவற்றில் 43-க்கும் வந்துவிட்டது. படியின் மேல் முத்திரை அதேதான். கொள்ளளவு மட்டும் வேறு.

சேண்ட் வெட்ஜை மட்டும் யாரும் அதிகம் தொடவில்லை. மணற்குழி மாறவில்லையே! மணலிலிருந்து பந்தை எடுக்க 55, 56 டிகிரி வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். ஒரு கரை நகர்ந்துகொண்டே போக, மறு கரை நின்ற இடத்திலேயே நிற்க, நடுவில் ஆறு அகலமாயிற்று. அந்த ஆற்றுக்குப் பாலமாக வந்ததுதான் கேப் வெட்ஜ். அதைத் தனியாக நம்மிடமே விற்றார்கள் என்பது வியாபாரத்தின் அழகு.

சேண்ட் வெட்ஜுக்கும் ஒரு கதை உண்டு. இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தை அதற்குக் கொடுத்தவர் என்று அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரஸனைச் சொல்வார்கள். விமானம் மேலெழும்போது வால் பகுதி இயங்கும் விதத்தைக் கவனித்தவருக்கு, மட்டையின் அடிப்பாகத்தை அதுபோல் அமைத்தால் மணலில் புதையாமல் வழுக்கி வருமே என்று தோன்றியதாம். ஈயத்தைப் பற்றவைத்துச் செய்துபார்த்தார். 1932-ல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார்.

சாரஸன் கண்டுபிடித்த அந்த அடிப்பாகத்துக்குத்தான் இன்று ‘பவுன்ஸ்’ என்று பெயர். லாஃப்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கொல்கத்தாவில் ஆடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மட்டையின் அடிப்பாகம் தரையைத் தொடும் கோணம் அது. 10 முதல் 14 டிகிரி என்றால் அதிகம். 4 முதல் 6 என்றால் குறைவு. அதிகமாக இருந்தால் மட்டை ஈர மண்ணில் புதையாது. குறைவாக இருந்தால் கட்டாந்தரையில் எம்பாது.

கொல்கத்தாவின் மண் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையில் ஊறிக் களியாகக் கிடக்கும். அங்கே பவுன்ஸ் குறைந்த மட்டையை இறக்கினால் கடப்பாரையாக மாறும். பந்து நாலடி தள்ளி விழ, மண்கட்டி பத்தடி பறக்கும். அதே இடம் ஜனவரியில் காய்ந்து இறுகிக் கிடக்கும். அப்போது பவுன்ஸ் அதிகமான மட்டை தரையில் பட்டு எகிறும். அதன் முன்விளிம்பு பந்தின் வயிற்றில் இடித்து, பந்து கிரீனையும் தாண்டி ஓடும். ஆக, ஒரே மைதானத்துக்கு இரண்டு பருவம், இரண்டு தேவை. நடைமுறையில் நல்ல வழி, சேண்ட் வெட்ஜை 10 அல்லது 12 டிகிரி பவுன்ஸோடும், அதற்கு முந்தைய மட்டையை அதைவிடக் குறைவாக, 8 போலவும் வைத்துக்கொள்வது. மழையில் ஒன்று கைகொடுக்கும், பனியில் மற்றொன்று.

இங்கே புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் ‘பெர்முடா’ புல் என்று பெரிய பெயர் சொல்லும். வங்காளத்தில் அது தூர்வா. நமக்கு அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்தான். நீளமாக வளர்ந்து ஈரமாக இருக்கும்போது, பந்துக்கும் மட்டைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடும். மட்டை முகத்தின் கோடுகள் பந்தைப் பிடிக்காது. சுழற்சி இல்லாமல் வரும் பந்து கிரீனில் நிற்காமல் ஓடும். மழைக்காலத்தில் பையில் ஒரு துண்டு இருப்பது, இன்னொரு வெட்ஜ் இருப்பதைவிடப் பயன் தரும்.

சரி, எதை வாங்குவது? முதலில் எதையும் வாங்காதீர்கள். பிட்ச்சிங் வெட்ஜின் மேல் ‘பி’ என்ற எழுத்துத்தான் இருக்கும், டிகிரி இருக்காது. தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். பழைய மட்டையென்றால் லாஃப்டை அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். அந்த எண்தான் அஸ்திவாரம். மற்றதெல்லாம் அதன் மேல் எழும் மாடிகள்.

பிட்ச்சிங் வெட்ஜ் 45 என்றால் மூன்று வெட்ஜ் வரிசை 45, 50 அல்லது 51, 56. நான்கு வேண்டுமென்றால் 45, 50, 54, 58. பழைய செட், பிட்ச்சிங் வெட்ஜ் 48 என்றால் 48, 52, 56 போதும். ஆசைப்பட்டால் அதற்கு மேல் 60. கடையில் 52 கிடைத்து உங்களுக்கு 51 வேண்டுமென்றால், சில வெட்ஜுகளை ஒன்றிரண்டு டிகிரி வளைத்துக்கொடுப்பார்கள். ஆனால் சாய்வை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தில். பிறகு பயிற்சித் திடலுக்குப் போய் ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்துகள் அடியுங்கள். மிகத் தூரம் போன ஒன்றையும் மிகக் கிட்டே விழுந்த ஒன்றையும் ஒதுக்கிவிட்டு, மற்ற எட்டின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். பந்து உருண்டு நின்ற இடத்தை அளக்காதீர்கள், விழுந்த இடத்தை அளங்கள். தண்ணீர் மேல் பந்து உருளாது. நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறை அடித்த மிகச் சிறந்த அடியைத்தான் ‘என் தூரம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். குளங்களின் அடியில் கிடக்கும் பந்துகளில் பெரும்பகுதி அந்தப் பெருமையின் விலை.

இடம் மாறினால்? ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஆடுகிறவர்களுக்குத் தெரியும், காற்று அடர்த்தி குறைந்த மலையில் பந்து சமவெளியைவிடப் பத்து சதவீதம் வரை கூடுதலாகப் பறக்கும். ஆனால் எல்லா மட்டைகளுக்கும் அதே விகிதத்தில் கூடுவதால் வரிசை கெடாது. சீட்டில் எழுதிவைத்த எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

60 டிகிரி வேண்டுமா, வேண்டாமா என்பதில் நண்பர்களுக்குள் எப்போதும் தகராறு. நன்றாக ஆடுகிறவர் கையில் அது மந்திரக்கோல். மணற்குழிக்கு மேலே, கொடி அருகே பந்தை நிறுத்த அதுபோல் ஒன்று கிடையாது. ஆனால் அது நூல் பிசகினால் மன்னிக்காத மட்டை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்க முடியாதவர், அதை வாங்கும் பணத்தில் பந்து வாங்கிப் பயிற்சி செய்வது உத்தமம். முழு வீச்சுக்கான மட்டையை முதலில் சரிசெய்துகொண்டு, ஜாலத்துக்கான மட்டையைப் பிறகு யோசிக்கலாம்.

இதைச் சொல்ல கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் இதுதான். 1829-ல் டம் டம்மில் தொடங்கி, மைதானத்துக்கு வந்து, 1910-ல் டோலிகஞ்சுக்கு இடம் பெயர்ந்தது. துரைமார் ஆட்டம் என்று பெயர். ஆனால் அந்தப் புல்வெளியை வெட்டிச் சீர்செய்தவர்களின் வீடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.

எஸ்.எஸ்.பி. சௌராசியா அப்படி வந்தவர். 1978-ல் பிறந்தவர். தந்தை ராயல் கல்கத்தாவில் புல்வெளிப் பராமரிப்பாளர். முறையான பயிற்சியாளர் இல்லாமல், உறுப்பினர்கள் ஆடுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். 2008-ல் டெல்லியில் யூரோப்பியன் டூர் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தபோது, அந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 2011-ல் அவந்தா மாஸ்டர்ஸ். 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பன். 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ். பந்தை வெகுதூரம் அடிக்கும் பலசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. கிரீனைச் சுற்றி அவர் காட்டும் கைவண்ணத்தைப் பார்த்துச் சக ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சிப்பட்சியா’. சிப், பட் என்ற இரண்டு சின்ன அடிகளையும் அவர் பெயரோடு கலந்து செய்தது.

அவருடைய கதையைச் சொல்லி, ‘மட்டை முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்’ என்று முடித்துவிடுவது எளிது. அது பாதி உண்மை. மைதானத்திலேயே வளர்ந்த பையனுக்குப் பாதி வீச்சில் எத்தனை கஜம், முக்கால் வீச்சில் எத்தனை கஜம் என்பது கையிலேயே பதிந்திருக்கும். உரி இல்லாமலே உரியளவு அளக்கத் தெரிந்த கடைக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற நமக்கு அந்தக் கை இல்லை. இல்லை என்பதை ஒப்புக்கொண்டு அந்த இடத்தில் ஒரு மட்டையை வைத்துக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை.

நான் 51 டிகிரியில் ஒன்று வாங்கினேன். 14 என்ற கணக்கு நிரம்பியிருந்ததால் ஒன்று வெளியேற வேண்டியிருந்தது. 60 டிகிரி இப்போது கட்டிலுக்கடியில், ஒட்டடைக் கம்புக்குத் துணையாக இருக்கிறது.

பிப்ரவரியில் மறுபடியும் அதே புல்வெளி, அதே குளம், அதே கேடி. தூரம் 88 கஜம் என்றார். புதிய மட்டையை எடுத்தேன். மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை, வழக்கமான ஒரு வீச்சு. பந்து தண்ணீரைத் தாண்டிக் கிரீனில் இறங்கி, கொடியிலிருந்து எட்டடி தூரத்தில் நின்றது. கேடியின் முகத்தில் ஒரு சிறு திருப்தி. பாதி வெற்றி அவருடையதுதானே.

அந்த எட்டடியைக் கடக்க எனக்கு மூன்று தட்டு ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

“இது பை இல்ல சாப்” என்றார், போகிற போக்கில்.